அறியாப் பருவமும் அறியாத நட்பும்

முன்பின் அறியாத ஆணையும் பெண்ணையும் கைப்பேசி வழியே அறிமுகம் செய்துவைக்கும் 'டேட்டிங் செயலிகள்' நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. பெற்றோரில் பலருக்குத்தான் புதியவை. ஆகவே அவற்றைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

2012-இல் தோன்றிய டிண்டர், தொடக்கத்தில் பதின்மூன்று வயதினரையும் சேர்த்துக்கொண்டது. 2016-இல் 18 வயதுக்குக் குறைந்தோருக்குக் கதவடைத்தது. பம்பிளின் விதியும் 18 தான். ஆயினும் பல செயலிகளில் பிறந்த ஆண்டை மாற்றி எழுதினாலே கதவு திறந்துவிடுகிறது. ரயிலில் அரை டிக்கெட்டுக்காகப் பெற்றோர் பிள்ளையின் வயதைக் குறைப்பதைக் கண்டிருக்கிறோம்; இங்கே பிள்ளைகள் தாமே கூட்டிக்கொள்கிறார்கள்! இவற்றில் சேராத பிள்ளைகளையும் இன்ஸ்டாகிராமிலும் ஆன்லைன் விளையாட்டுகளிலும் இதே விதமான நட்பு தேடி வருகிறது.

வருகிறவர் தாமும் அதே வயதினர் என்பார். புகழ்ச்சியும் ஆறுதலுமாகச் சில நாட்கள் செல்லும். "இங்கே வேண்டாம், டெலிகிராமுக்கு வா" என்பது அடுத்த படி. பிறகு ஒரு படம் கேட்பார். படம் போய்ச் சேர்ந்த மறுநிமிஷம் குரல் மாறும்: பணம் கொடு, அல்லது இன்னொரு படம் கொடு, இல்லையேல் உன் தகப்பனாருக்கு அனுப்புவேன். பெண்பிள்ளைகளுக்கே இந்த ஆபத்து என்று எண்ணுவோர் உண்டு. பணம் பறிப்போர் பெரும்பாலும் குறிவைப்பது ஆண்பிள்ளைகளை.

அந்தக் கயவன் எதை நம்பி மிரட்டுகிறான்? நம்முடைய கோபத்தை நம்பித்தான். ஊரில் இருந்தால் பாட்டியிடமோ, அத்தையிடமோ, மாமாவிடமோ பிள்ளை அழுதுகொண்டாவது சொல்லிவிடும். பம்பாயிலும் தில்லியிலும் இரண்டு அறை வீட்டில் அப்பா அம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? அந்த இருவரிடமும் வாய் திறக்க அஞ்சினால், பிள்ளை மிரட்டுகிறவனுக்கே அடிமையாகும்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது நடவாத காரியம். பள்ளிப் பாடமும் அதிலேதான். வங்கிச் செய்தியை நமக்குப் படித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். புதிய செயலியை இறக்குமுன் பெற்றோரின் அனுமதி கேட்கும்படி கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' மூலம் அமைக்கலாம். இரவில் எல்லாக் கைப்பேசிகளும், நம்முடையவை உட்பட, கூடத்திலேயே இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சாந்தமான ஒரு வேளையில் பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டும்: "யாராவது உன்னை மிரட்டினால், நீ என்ன செய்திருந்தாலும் முதலில் எங்களிடம் வா. அன்றைக்கு உன்னை ஒரு சொல்லும் சொல்லமாட்டோம்." சொன்னபடி நடப்பது கடினந்தான்.

விபரீதம் நேர்ந்துவிட்டால் பணம் கொடுக்கலாகாது. கொடுத்தவரிடமே மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காமல், திரையைப் படம்பிடித்து வைக்க வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930 என்ற எண்கள் உள்ளன. 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவையும் உண்டு. அது படத்தைக் கேட்பதில்லை. அதன் எண்ணடையாளத்தை மட்டும் பெற்று, இச்சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அப்படத்தை நீக்க உதவுகிறது.

போலீஸ் என்றதும் மானம் போகுமே என்று நம்மவர் தயங்குவர். 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி 18 நிறையாதோர் யாவரும் குழந்தைகளே. 'பிள்ளையே சம்மதித்து அனுப்பியது' என்னும் வாதம் எடுபடாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடலாகாது. வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது; வீட்டிலேயே வாங்கலாம். பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருப்பார். அவ்வூர் மொழி வராத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்ளவும் அச்சட்டத்தில் இடமுண்டு.