ஒரு தடுப்பூசியும் நான்கு பாடங்களும்

குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் தடுப்பூசிகளுள் ஒன்று ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இந்நோயை உண்டாக்கும் வைரஸ் கல்லீரலைத் தாக்குவது. பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்று பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடும். ஆதலால்தான் முதல் நாளிலேயே ஊசி போடப்படுகிறது.

மரபணு மறுசேர்க்கை முறையில் இத்தடுப்பூசியை இந்தியாவில் முதன்முதலாகத் தயாரித்தது, ஐதராபாத்தில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம். 1997ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. அதுவரை இறக்குமதி செய்யப்பட்ட ஊசியின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. பின்னர் விலை வெகுவாகக் குறைந்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய வரபிரசாத் ரெட்டி உயிரியல் அறிஞர் அல்லர், மின்னணுவியல் பொறியாளர்.

இத்தடுப்பூசி உருவாகும் முறையை உயிரியல் பாடம் மட்டும் விளக்கிவிட இயலாது. வைரஸின் மேலுறையில் உள்ள புரதத்தை உண்டாக்கும் மரபணு எது என்பதை உயிரியல் காட்டுகிறது. அம்மரபணுவை நொதிகளால் வெட்டி, ஈஸ்ட் செல்லுக்குள் சேர்ப்பதற்கு வேதியியல் அறிவு வேண்டும். மரபணுவைப் பெற்ற ஈஸ்ட், வைரஸின் புரதத்தைத் தானே உற்பத்தி செய்கிறது. புரதம் மட்டுமே இருப்பதால் இத்தடுப்பூசியால் நோய் வருவதில்லை. ஆனால், உடல் அதனை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது.

ஈஸ்ட் எவ்வளவு பெருகும் என்பதைக் கணிதம் கூறும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கொண்டால், ஒரு செல் 24 மணி நேரத்தில் 4,096 செல்களாகும். கலனின் வெப்பநிலையைக் காப்பதும், வேகமாகச் சுழற்றிச் செல்களைப் பிரித்தெடுப்பதும் இயற்பியலின் பணி.

இயற்பியலின் பணி ஆலையோடு முடிவதில்லை. இத்தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். உறைந்துவிட்டால் அதன் ஆற்றல் கெடும். பிறகு உருக்கினாலும் பயனில்லை. சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் போன்ற சிற்றூருக்கு அது குளிர்பெட்டியில்தான் வந்து சேர வேண்டும். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் மருந்து மிகக் குளிர்ந்து நன்றாக இருக்கும் என்று ஒருவர் எண்ணிவிட்டால், நான்கு துறைகளின் உழைப்பும் வீணாகும். குழந்தைக்குப் பாதுகாப்பும் கிட்டாது.

பள்ளியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியன தனித்தனிப் பாடவேளைகளில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு தடுப்பூசியை எடுத்துக்கொண்டு, அதன் பயணத்தை அந்நான்கு பாடங்களிலும் தொடர்ந்து கற்பித்தால், உயிரித் தொழில்நுட்பம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். பாடநூல்கள் தனித்தனியாக இருக்கலாம். குழந்தையின் உடலுக்குள் செல்லும் ஒரு துளி மருந்தில் அவை அனைத்தும் ஒன்றாகவே இருக்கின்றன.