வைவா முடிந்த மறுநாள்

தென்காசியிலிருந்து காலையில் கிளம்பும் திருநெல்வேலி பஸ்ஸில் கைடைப் பார்க்கப் போகும் பிஎச்.டி. ஸ்காலர் யாராவது இருப்பார். பல்கலைக்கழகத்துக்குப் பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி அபிஷேகப்பட்டியில் இறங்கவேண்டும். கோர்ஸ் வொர்க், சினாப்சிஸ் என்னும் ஆய்வுச் சுருக்கம், கடைசியில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு என்று அவர்கள் ஏறும் படிகள் தெரிந்தவைதான். வைவா முடிந்த மறுநாள் என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித்தருவதில்லை.

ஸ்காலர்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திட்டத்துக்குப் பட்ஜெட் போடவேண்டும், நேர்முகத்தில் தடுமாறாமல் பேசவேண்டும், நாலு பேரோடு சேர்ந்து குறித்த நாளில் வேலையை முடிக்கவேண்டும். இவற்றுக்குப் பயிற்சி வேண்டும், அவ்வளவுதான். கிடைப்பது ஒருநாள் பயிலரங்கு: குத்துவிளக்கு, பொன்னாடை, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ, மாலையில் சான்றிதழ். எனக்குக் கவலையே அந்தச் சான்றிதழ்தான். ஃபைல் தடிக்கத் தடிக்க, பயிற்சி கிடைத்துவிட்டதாகக் கல்லூரியும் நம்புகிறது, ஸ்காலரும் நம்புகிறார். நம்பாதவர் வேலை கொடுப்பவர் ஒருவர்தான்.

2022-இல் வந்த முனைவர் பட்ட விதிமுறை கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி தரச் சொல்கிறது. வாரம் 4 முதல் 6 மணி நேரம் டுடோரியல், ஆய்வகப் பணி தரலாம் என்கிறது. எல்லாம் வகுப்பறைக்குள் சுற்றும் பயிற்சி. பெண்களுக்கு 10 ஆண்டு வரை அவகாசமும் உண்டு. அத்தனை ஆண்டு கழித்து ‘டாக்டர்’ பட்டத்தோடு வெளியே வருபவருக்கு வேலை அனுபவம் பூஜ்யம் என்றால்?

ஆராய்ச்சி அறிவுக்காக, வேலைக்காக அல்ல என்பார்கள் மூத்த பேராசிரியர்கள். அவர்களுக்குப் பென்ஷன் வருகிறது.

வேலை பழகுவதற்குத் தென்காசிப் பக்கத்தில் இடமா இல்லை? மத்தளம்பாறையில் மென்பொருள், சங்கரன்கோவிலில் விசைத்தறி. புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் ஒரு மாதம் உட்காரும் தாவரவியல் ஸ்காலருக்கு, எந்தக் காய் ஏன் அழுகுகிறது, அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். குற்றாலத்திலும் ஒரு வேலை காத்திருக்கிறது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. மலையில் பெய்யும் மழையை அளந்து, அருவிக்குத் தண்ணீர் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு, குளிப்பவர்களை முன்கூட்டியே கரையேற்றுவது புவியியல், இயற்பியல், கணினி ஸ்காலர்கள் ஒரே மேசையில் உட்காரவேண்டிய வேலை. காவலர், ஊராட்சி ஊழியர், கடைக்காரர் எல்லாரிடமும் பேசவேண்டும். குற்றால சீசன் தொடங்குமுன் முடிக்கவும் வேண்டும். இதைவிட நல்ல பயிற்சி எந்த அரங்கில் கிடைக்கும்?

அடுத்த பயிலரங்குக்கு அழைப்பிதழ் அடிக்கப்போகும் கல்லூரிகளே, மேடைச் செலவை உதவித்தொகையாகவும் பஸ் கட்டணமாகவும் மாற்றி, நான்கு ஸ்காலர்களை ஒரு மாதம் வெளியே அனுப்பிப் பாருங்கள்.