8 வாரத்தில் உருவான படக்கடை!
2 வாலிபர்கள் உலகைப் பிடித்த கதை

செல்போனில் ஒரு படம் எடுக்கிறோம். அடுத்த நிமிடம் அது ஊரில் இருக்கும் அம்மாவின் கையில் இருக்கிறது.

முன்பெல்லாம் அப்படியா? நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். நாலு நாள் கழித்துப் படத்தை வாங்க வேண்டும். மடங்கிவிடாமல் இருக்க அட்டை வைத்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய இன்னொரு வாரம்!

படத்தை எடுத்தவுடன் பத்துப் பேருக்குக் காட்டும் பழக்கத்தை உலகம் முழுவதும் பரப்பியவர்களில் 2 வாலிபர்கள் முக்கியமானவர்கள். ஒருவர் கெவின் சிஸ்ட்ராம். அமெரிக்கர். இன்னொருவர் மைக் கிரீகர். பிரேசில் நாட்டில் சாவோ பாலோ நகரில் பிறந்தவர். இருவரும் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

அவர்கள் தொடங்கியதுதான் "இன்ஸ்டாகிராம்". ஆனால் அவர்கள் முதலில் தொடங்க நினைத்தது அது அல்ல!

5 லட்சம் டாலர்

2010-ம் ஆண்டு மார்ச் மாதம் சிஸ்ட்ராமுக்கு 2 முதலீட்டுக் கம்பெனிகள் 5 லட்சம் டாலர் கொடுத்தன. அன்றைய மதிப்பில் அது சுமார் ரூ.2¼ கோடி. வேலையை விட்டுவிட்டு அவர் தொடங்கிய சேவையின் பெயர் "பர்பன்". அது அவருக்குப் பிடித்த ஒரு மதுவின் பெயர்.

பர்பனில் எல்லாம் இருந்தது. "நான் இப்போது இந்த ஓட்டலில் இருக்கிறேன்" என்று நண்பர்களுக்குச் சொல்லலாம். அடுத்து எங்கே போகிறோம் என்று திட்டம் போடலாம். அதற்குப் புள்ளிகள் கிடைக்கும். படமும் போடலாம்.

பல சரக்கு இருந்தும் கடைக்கு ஆள் வரவில்லை. வந்தவர்கள் மிகச் சிலர். வந்தவர்களும் குழம்பினார்கள். அடுத்தவர் பணமோ கரைந்துகொண்டிருந்தது.

விசாவுக்குக் காத்திருப்பு

தனி ஆளாக நிற்காமல் ஒரு கூட்டாளியைத் தேடும்படி முதலீடு செய்தவர் யோசனை சொன்னார். சிஸ்ட்ராம் கிரீகரை அழைத்தார். அப்போது கிரீகருக்கு வயது 24. வேறு ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தார்.

வெளிநாட்டில் உறவினர் இருக்கும் வீடுகளுக்கு விசா பற்றிச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் வேலை விசா என்பது கம்பெனியோடு கட்டப்பட்டது. கம்பெனி மாறினால் புது கம்பெனி மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். முகவரியே நிலைக்காத சின்ன கம்பெனிக்கு அது கிடைக்குமா? கிடைக்காவிட்டால் கிரீகர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடைசியில் அனுமதி வந்தது. இன்ஸ்டாகிராமை உருவாக்கியதைவிட விசா வாங்கத்தான் அதிக நாள் ஆனது என்று கிரீகர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2012-ம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா நாடாளுமன்றத்தில் உரை நிகழ்த்தியபோது, அவருடைய மனைவியின் விருந்தினராக கிரீகர் அழைக்கப்பட்டார். விசாவுக்குக் காத்துக் கிடந்தவருக்கு அப்படி ஒரு மரியாதை!

வெட்டு, வெட்டு!

சான்பிரான்சிஸ்கோ நகரின் துறைமுக ஓரத்தில், பல சின்ன கம்பெனிகள் இடம் பகிர்ந்துகொண்ட கட்டிடத்தில் இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பர்பனில் மக்கள் எதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்? படம் போடுவதை!

உடனே கத்தரிக்கோலை எடுத்தார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்ததை எல்லாம் வெட்டித் தள்ளினார்கள். படம் போடுவது, கருத்து எழுதுவது, "பிடித்திருக்கிறது" என்று தட்டுவது. இவை மட்டுமே மிஞ்சின.

படம் சதுரமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். சிஸ்ட்ராம் மாணவராக இத்தாலியில் போட்டோ கலை படித்தபோது, அவருடைய ஆசிரியர் விலை உயர்ந்த கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கேமரா ஒன்றைக் கையில் கொடுத்தார். அது சதுரப் படம் எடுக்கும் கேமரா. அந்தப் படங்களின் அழகு அவர் மனதில் நின்றுவிட்டது.

காதலி கேட்ட கேள்வி

2010-ம் ஆண்டு ஜூலையில் சிஸ்ட்ராம் தன் காதலியுடன் மெக்சிகோ கடற்கரைக்குப் போனார். காதலி ஒரு குண்டைப் போட்டார். "உங்கள் சேவையை நான் பயன்படுத்த மாட்டேன். என் படம் நன்றாக இராது. உங்கள் நண்பர் படம் மட்டும் எப்படி இவ்வளவு அழகாக இருக்கிறது?" என்ற பொருளில் கேட்டார்.

நண்பர் படத்துக்கு நிறம் கூட்டிக் குறைக்கும் வேறு செயலியைப் பயன்படுத்துவதாக சிஸ்ட்ராம் விளக்கினார். "அப்படியானால் அதை உங்கள் சேவையிலேயே வையுங்களேன்!" என்றார் காதலி.

அன்றே தங்கியிருந்த விடுதியில் உட்கார்ந்து, முதல் "பில்டர்" ஒன்றை சிஸ்ட்ராம் உருவாக்கினார். மங்கலான படமும் ஒரு தட்டலில் பளிச்சென்று மாறியது.

வேகத்துக்கு கிரீகர் ஒரு யுக்தி செய்தார். படத்துக்குக் கீழே என்ன எழுதலாம் என்று ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, படம் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அவர் எழுதி முடித்துப் பொத்தானைத் தட்டும்போது வேலை முடிந்திருக்கும். "அடேயப்பா, எவ்வளவு வேகம்!" என்று தோன்றும்.

எடுத்தவுடன் படம் தரும் "இன்ஸ்டன்ட் கேமரா", செய்தி அனுப்பும் "டெலிகிராம்" இரண்டையும் சேர்த்து "இன்ஸ்டாகிராம்" என்று பெயர் வைத்தார்கள். 2013-ல் இந்தியாவில் தந்தி சேவை நின்றுவிட்டது. அதன் பெயரில் பாதி இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

எல்லாம் சேர்த்து 8 வார வேலை.

நள்ளிரவில் திறப்பு விழா

2010-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி. நள்ளிரவு கடந்த நேரம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக இன்ஸ்டாகிராம் திறக்கப்பட்டது. விடியும் வரை யாரும் வரமாட்டார்கள், கொஞ்சம் தூங்கலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

தூக்கம் போயிற்று! அமெரிக்காவில் இரவு என்றால் மற்ற நாடுகளில் பகல் அல்லவா? சில நிமிடங்களிலேயே கூட்டம் வரத் தொடங்கியது.

வந்த படங்களை எல்லாம் தாங்கியது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த ஒரே ஒரு வாடகைக் கம்ப்யூட்டர். ஒரு நல்ல லேப்டாப்பின் சக்தி கூட அதற்கு இல்லை. அது மூச்சுத் திணறியது. வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. முதல் நாளே பெயர் கெட்டால், போனவர்கள் திரும்பி வருவார்களா?

இருவரும் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அனுபவமுள்ள நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு யோசனை கேட்டார்கள். ஒரு தவறு மிகச் சின்னது. இணையப் பக்கத்தின் மூலையில் தெரியும் குட்டிச் சின்னத்தை வைக்க மறந்திருந்தார்கள். அது எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேள்வி வர, "இல்லை, இல்லை" என்று பதில் சொல்லியே கம்ப்யூட்டர் களைத்தது!

24 மணி நேரத்தில் சேர்ந்தவர்கள் 25 ஆயிரம் பேர். சில நாட்களில் அமேசான் கம்பெனியின் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்கு மாறினார்கள். அதன் பிறகும் கிரீகர் போகும் இடமெல்லாம் லேப்டாப்பைச் சுமந்து போனார். டிசம்பர் முடிவதற்குள் 10 லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

100 கோடி டாலர்

2012-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. அன்றைய மதிப்பில் ரூ.5 ஆயிரம் கோடிக்கு மேல். அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர்தான்!

அதே ஆண்டு ஜனவரியில்தான், போட்டோ பிலிமுக்குப் பெயர் பெற்ற கோடக் கம்பெனி திவால் மனுப் போட்டது. ஒரு காலத்தில் அங்கே லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். 1975-ல் பிலிம் இல்லாத டிஜிட்டல் கேமராவை முதலில் செய்தவரும் கோடக் என்ஜினீயர்தான். ஆனால் பிலிம் வியாபாரத்தை வெட்டிவிட அந்தப் பெரிய கம்பெனிக்கு மனம் வரவில்லை. பர்பனை வெட்ட அந்த 2 வாலிபர்களுக்கு மனம் வந்தது.

2018-ம் ஆண்டு செப்டம்பரில் சிஸ்ட்ராமும் கிரீகரும் இன்ஸ்டாகிராமை விட்டு விலகினார்கள். அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் 100 கோடிப் பேருக்கு மேல். கடையை விற்றவர் கல்லாவில் நீண்ட காலம் உட்கார முடியாது என்பதும் இந்தக் கதையில் அடக்கம்.

சொந்தத் தொழில் தொடங்கும் ஆசை பலருக்கு உண்டு. எதை எதைச் சேர்ப்பது என்றுதான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுவார்கள். எதை விடுவது என்று கணக்குப் போட்டுப் பிழைத்தவர்கள் இந்த இருவர்.