உள்ளே தங்கிய குண்டு

சென்ற தவணையில், உடலமைப்புப் பாடத்தின்போது மாணவன் ஒருவன் எம்மை வினவினான்: "சேர், உடம்பிற் பாய்ந்த குண்டை வெளியே எடுத்தாற்றானே ஆள் பிழைப்பார்?" திரைப்படங்களின் உபயம்! வைத்தியர் குண்டைப் பிடுங்கித் தட்டத்திலே போட்டதும் கதாநாயகன் கண் விழிப்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோமல்லவா? யாம் அவனுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் கதையை விடையாகக் கூறினோம்.

1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றையது வலப்புற முதுகிற் புகுந்து, முள்ளெலும்பொன்றைத் துளைத்து, முண்ணாணைத் தீண்டாது, இடப்புறத்தே சதையிக்கு அண்மையிற் போய்த் தங்கிற்று.

குண்டைத் தேடவேண்டுமென்ற துடிப்பிலே, நிலையத்தின் தரையில் வைத்தே வைத்தியர்கள் கழுவாத விரல்களைக் காயத்தினுள் விட்டுத் துழாவினர். கிருமிகளைக் காபோலிக்கமிலத்தாற் கொல்லும் முறையை லிஸ்டர் 1867இலேயே வெளியிட்டிருந்தார். எனினும் அமெரிக்க வைத்தியர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தொலைபேசி தந்த கிரகாம் பெல்லும் உலோகத்தைக் கண்டறியும் கருவியொன்றுடன் வந்தார். தலைமை வைத்தியரோ குண்டு வலப்புறத்திலேயே உள்ளதென்று பிடிவாதமாக நின்று, அப்பக்கத்தை மாத்திரம் சோதிக்க விட்டார். மெத்தையிலிருந்த உருக்குக் கம்பிகளும் கருவியைக் குழப்பின.

காயத்திற் சீழ் பிடித்தது, உடல் மெலிந்தது. பதினொரு வாரம் வருந்திச் செப்டெம்பர் 19ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். பிரேத பரிசோதனையில், குண்டு இடப்புறத்திலே மெல்லிய உறையொன்றினுள் அடங்கிக் கிடந்தது. குண்டு சென்ற வழியென வைத்தியர் நம்பியது சீழ் அரித்த வழியே! வைத்தியரே கொன்றனர் என்று கொலையாளி நீதிமன்றிலே வாதாடியும் பயனில்லை; 1882இல் தூக்கிலிடப்பட்டான். ஆயினும் அவன் கூற்றைப் பிற்கால வைத்தியர் பலர் முற்றாகத் தள்ளிவிடவில்லை.

துளைத்த காயத்திலே ஆபத்து பெரும்பாலும் மூன்று வகையில் வருகிறது: குருதி ஒழுகுதல், உள்ளுறுப்பு கிழிதல், துணியும் அழுக்கும் கிருமியும் உட்செல்லுதல். உள்ளே அமைதியாகக் கிடக்கும் குண்டைச் சத்திரவைத்தியர் சிலவேளை அப்படியே விட்டுவிடுவர். ஆழப் பாய்ந்து நிற்கும் கத்தியோ கம்பியோ குருதிக்கலனை அடைத்து நிற்கவுங்கூடும். ஆதலால் அதைப் பிடுங்காது, அசையாதவாறு சுற்றிக் கட்டி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே முறை.

மணி அடித்த பின்னரும் மாணவன் போகவில்லை. முதல்நாள் அவன் தம்பி ஆணியில் மிதித்துவிட்டானாம். முனை முறிந்து உள்ளிருக்குமோவென அஞ்சிய தாயார், ஊசியாற் கிண்டிப் பார்த்து, மஞ்சள் பூசிக் கட்டினாராம். வெளியே கடுகளவு துளைதான். ஆழத்திலே காற்றுப் புகாது. ஏற்புவலிக் கிருமிக்கு வேண்டியதும் அத்தகைய இடமே. அந்நோய் தலைகாட்டப் பல நாட்கள் செல்லலாம் என்பதாற் பலர் ஏமாந்துவிடுகின்றனர்.

தம்பி இறுதியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த பாடத்திற்கு அவனை இருத்தாமல், தாயாருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். அன்று மாலையே சிறுவனுக்கு வைத்தியசாலையில் ஊசி ஏற்றப்பட்டது.