குளிருக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள்

இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் வானிலை அறிக்கையோடு இன்னொரு வரைபடமும் இடம்பெறும். அது மழையைப் பற்றியதன்று, இலைகளைப் பற்றியது. எந்த ஊரில் இலைகள் இன்னும் பச்சையாக உள்ளன, எங்கே நிறம் மாறத் தொடங்கியுள்ளன, எங்கே முழுவதும் சிவந்துவிட்டன என்பதை அது காட்டும். அதைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் தங்கள் வார இறுதிப் பயணத்தை முடிவு செய்கின்றன. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வாழ்வோருக்கு, இலையின் நிறத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு குடும்பம் ரயிலேறிச் செல்வது வியப்பாகத் தோன்றலாம்.

இந்தப் பயணத்தை ஜப்பானியர் 'மோமிஜிகாரி' என்பர். 'மோமிஜி' என்றால் சிவந்த இலை. 'காரி' என்றால் வேட்டை. பெயர்தான் வேட்டை, யாரும் கிளையை ஒடிப்பதில்லை. கண்ணால் பார்ப்பதே வேட்டை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கியோத்தோ அரண்மனையைச் சேர்ந்த உயர்குடியினர் மட்டுமே இதில் ஈடுபட்டனர். எதோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடைப்பட்ட காலத்தில், சாதாரண மக்களும் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு மலையடிவாரங்களுக்குச் செல்லத் தொடங்கினர். இன்று தாத்தா, பாட்டி முதல் தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தை வரை அனைவரும் செல்கின்றனர். ஒசாக்காவுக்கு அருகிலுள்ள மினோ என்னும் ஊரில் மேப்பிள் இலையையே இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்து விற்கிறார்கள். நீண்ட நாள் உப்பில் ஊறவைக்கப்பட்ட இலை அது. உண்மையில் சுவையெல்லாம் மாவில்தான் இருக்கிறது. ஆனாலும் அதை வாங்காமல் பிள்ளைகள் வீடு திரும்புவதில்லை.

இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன? கோடையில் இலைக்குள் பச்சையம் நிறைந்திருக்கும். பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் மரம் பச்சையத்தை உருவாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. இருந்த பச்சையமும் சிதைகிறது. கிங்கோ மரத்தின் இலைகளில் மஞ்சள் நிறமி முன்பே மறைந்திருக்கும். பச்சை விலகியதும் அது வெளியே தெரிகிறது. மேப்பிளின் கதை வேறு. இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு அடுக்கு உருவாவதால் இலையில் உண்டாகும் சர்க்கரை வெளியேற முடியாமல் தேங்குகிறது. அந்தச் சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமியை இலை புதிதாக உருவாக்குகிறது. இரவில் வெப்பநிலை ஏறத்தாழ 8 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இந்த மாற்றம் வேகம் பெறுகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் சேர்ந்தால் சிவப்பு பளிச்சென்று இருக்கும்.

குளிர் வடக்கிலிருந்து வருவதால் சிவப்பும் வடக்கிலிருந்தே வருகிறது. ஹொக்காய்டோவின் தாய்செட்சு மலைகளில் செப்டம்பரிலேயே இலைகள் சிவக்கின்றன. பிறகு அந்த நிறம் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து நவம்பர் இறுதியில் கியூஷு தீவை அடைகிறது. வசந்த காலத்தில் செர்ரிப் பூக்கள் இதற்கு நேர்மாறாகத் தெற்கிலிருந்து வடக்கே மலர்ந்து செல்லும்.

இலைகளுக்கு முன்பே நிலா வந்துவிடும். சந்திர நாள்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் இரவில் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து முழுநிலவைப் பார்ப்பர். நம் நாட்டுச் சீனர்கள் மூன்கேக்கும் தாங்லுங் விளக்குகளுமாகக் கொண்டாடும் அதே இரவுதான் அது. சீனாவிலிருந்தே இவ்வழக்கம் ஜப்பானுக்குச் சென்றது. ஆனால், அங்கே மூன்கேக்குக்குப் பதிலாக அரிசி மாவில் செய்த வெள்ளை உருண்டைகளைக் கோபுரம்போல் அடுக்குவர். பக்கத்தில் 'சுசுகி' என்னும் புல்லை ஜாடியில் செருகி வைப்பர். மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது நாணலைப் போன்ற ஒரு புல். அதன் வெண்கதிர், நெற்கதிருக்கு மாற்றாக அறுவடையை நினைவூட்டுகிறது. நிலவிலுள்ள கறையை, மாவு இடிக்கும் முயலாக ஜப்பானியப் பிள்ளைகள் காண்கின்றனர். நம் பாட்டிமார் அங்கே வடை சுடும் கிழவியைக் காட்டுவார்கள். தமிழ்ப் புலவர்களும் பழங்காலத்திலேயே அந்தக் கறையில் முயலைக் கண்டவர்கள்தாம்.

குளிர் சற்று ஏறியதும் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் முறை. பெற்றோரும் பிள்ளைகளும் வயலுக்குச் சென்று கையாலேயே மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுப்பார்கள். முற்காலத்தில் உதிர்ந்த இலைகளைக் குவித்துத் தீமூட்டி, அதில் கிழங்கைச் சுட்டுத் தின்றனர். திறந்த வெளியில் எரிப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு அது அரிதாகிவிட்டது. இப்போது சூடான கற்களில் சுட்ட கிழங்கை வண்டிகளிலும் கடைகளிலும் விற்கிறார்கள். இதில் அவசரம் உதவாது. மெதுவாகச் சூடேறும்போதுதான் கிழங்கிலுள்ள நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதற்கு நேரம் கிடைக்கிறது. விரைவாக வெந்த கிழங்கு அவ்வளவாக இனிப்பதில்லை.

இவை அனைத்துக்கும் அடிப்படை, குளிர் உரிய நேரத்தில் வருவதுதான். அந்த நேரமே இப்போது தவறத் தொடங்கியிருக்கிறது.

ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம் 1953 முதல் மேப்பிள் இலைகள் சிவக்கும் நாளைக் குறித்து வருகிறது. பல ஊர்களில் இதற்கென்றே ஒரு மாதிரி மரம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அலுவலர் ஒருவர் நேரில் சென்று அதைப் பார்ப்பார். மரத்தில் பச்சை ஏறக்குறைய முற்றிலும் மறைந்து பெரும்பாலான இலைகள் சிவந்துவிட்ட முதல் நாளையே அவர் பதிவு செய்வார். இந்தப் பதிவுகளின்படி, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 நாள் வீதம் அந்த நாள் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. எழுபது ஆண்டுகளைக் கணக்கிட்டால் மூன்று வாரம்! 2023ஆம் ஆண்டின் கோடை, 1898இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அதுவரை காணாத வெப்பத்தை எட்டியது. அடுத்த ஆண்டின் கோடையும் அதே அளவு சுட்டது. இலைக்கு நாள்காட்டி தெரியாது. நவம்பர் தொடக்கத்தில் விடுமுறை எடுத்து விடுதியில் இடம் பதிவு செய்த குடும்பம், அங்கே போய்ப் பச்சை மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடுகிறது.

கடலிலும் இதே மாற்றம்தான். 'சன்மா' என்பது ஒல்லியான, வெள்ளி நிற மீன். அதன் பெயரை எழுதும் சீன எழுத்துகளுக்கு 'இலையுதிர்காலம்', 'வாள்', 'மீன்' என்று பொருள். உப்புத் தூவிச் சுட்டு, துருவிய வெள்ளை முள்ளங்கியோடு உண்பது இப்பருவத்தின் எளிய வீட்டுச் சாப்பாடு. விலையும் மலிவாக இருந்தது. 2008இல் 3 லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்ட இம்மீன், 2022இல் ஏறத்தாழ 18,000 டன்தான் கிடைத்தது. கடல் நீர் வெப்பமடைந்ததாலும் நீரோட்டங்கள் மாறியதாலும் மீன்கள் கரையைவிட்டு வெகுதூரம் விலகிச் சென்றது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆளுக்கொரு மீன் என்று தட்டில் வைத்த வீடுகளில் விலையைப் பார்த்து யோசிக்கும் நிலை வந்தது.

ஆயினும் குடும்பங்கள் தங்கள் வழக்கத்தை விட்டுவிடவில்லை. நாளைத்தான் தள்ளி வைக்கின்றன. நாகானோ போன்ற மலைப்பகுதிகளில் பெர்சிமன் பழத்தை உலர்த்துவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலர்த்தப்படும் வகை, பறித்தவுடன் கடித்தால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்க்கும். பெரியவர்கள் தோலைச் சீவுவார்கள். சிறுவர்கள் காம்பில் கயிற்றைக் கட்டுவார்கள். பிறகு, காற்றுப் படும்படியும் மழை படாதபடியும் கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். சில நாள் கழித்துப் பழத்தை விரல்களால் மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். ஒரு மாதத்திற்குப் பிறகு துவர்ப்புச் சத்து நாக்கில் கரையாத நிலையை அடைந்துவிடும். சர்க்கரை வெண்பொடியாக மேலே படியும். காற்று வெப்பமாகவும் ஈரமாகவும் இருந்தால் இத்தனை உழைப்பும் பூஞ்சை பிடித்து வீணாகும். அதனால் பழம் கனிந்து நின்றாலும், காற்று குளிரும்வரை பாட்டிமார் கத்தியை எடுப்பதில்லை.

எல்லாப் பழங்களையும் அவர்கள் பறித்துவிடுவதும் இல்லை. மரத்தின் உச்சியில் ஒன்றிரண்டை விட்டுவைப்பார்கள். அவை அடுத்த ஆண்டும் மரம் காய்க்க வேண்டும் என்பதற்காக. பசியோடு வரும் பறவைகளுக்காகவும்தான்.