அடுப்புப் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள்

விறகடுப்பு வைத்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! இன்று மாலை அடுப்படிக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அடுப்பை விட்டுவிட்டு, அதற்கு மேலே கூரைக்குப் போகும் தகரக் குழாயை அண்ணாந்து பாருங்கள். அதை மாட்டியது எந்த வருடம்? கடைசியாகக் கழற்றித் தட்டியது எப்போது? பல வீடுகளில் முதல் கேள்விக்கே பதில் கிடைப்பதில்லை. இரண்டாவது கேள்விக்குச் சிரிப்புத்தான் பதில்.

"இந்தக் காலத்தில் யார் சார் விறகு எரிக்கிறார்கள்? எல்லார் வீட்டிலும் காஸ் இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனாலும் பின்கட்டில் வெந்நீர் போட, தீபாவளிக்கு முறுக்குச் சுட, விசேஷ வீட்டுக்குச் சோறு வடிக்க, மாதக் கடைசியில் காஸ் தீர்ந்த நாளில் கைகொடுக்க, விறகடுப்பை இடிக்காமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னமும் உண்டு. கேமரன் மலையில், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் செங்கல் புகைக்கூண்டுடன் குளிர்காயும் அடுப்புகள் இருக்கின்றன. அவற்றைக் கவனிக்கும் வேலையும் நம்மவர் கையில் வருவதுண்டு. தினமும் எரியும் அடுப்பைவிட எப்போதாவது எரியும் அடுப்பையே நான் அதிகம் சந்தேகிப்பேன். நாம் மறந்திருந்த மாதங்களில் மைனா அதன் குழாயில் கூடு கட்டியிருக்கும்.

குழாய்க்குள் படியும் கரி என்பது என்ன? அது வெறும் அழுக்கன்று. எரியாமல் தப்பித்துப்போன விறகு.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அந்நாளில் ஸ்மோக் ஹவுஸ் என்று நாம் சொன்ன புகை வீட்டை நினைத்துப் பாருங்கள். வெள்ளையாக உள்ளே போன ரப்பர் ஷீட், நாலைந்து நாள் புகையில் தொங்கி, தேன் நிறத்தில் வெளியே வந்தது. பிறகு அதில் பூஞ்சணம் சுலபத்தில் பிடிக்கவில்லை. புகையிலிருந்த எண்ணெய்ச் சத்தும் தார்ச் சத்தும் ஷீட்டில் ஏறியதுதான் காரணம். அதே சத்துத்தான் உங்கள் அடுப்புக் குழாயின் உட்புறத்திலும் ஏறுகிறது. ஷீட்டை நாலைந்து நாளில் எடுத்துவிட்டோம். குழாயோ வருடக் கணக்கில் அங்கேயே நிற்கிறது!

ஈர விறகு எரித்தால் இந்தப் படிவு இன்னும் வேகமாக ஏறும். வெட்டின சூட்டோடு இருக்கும் 10 கிலோ ரப்பர் விறகில் ஏறக்குறைய 4 கிலோ தண்ணீர்தான். நெருப்பின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். தீ சுணங்கும், புகை பெருகும், அந்தப் புகை மேலே போகும் வழியில் குளிர்ந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். விறகைப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் இருக்கும்படி அடுக்கிச் சில மாதங்கள் வைத்தால் இந்தத் தொல்லையில் பாதிக்குமேல் குறையும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டைத் தட்டினால் 'டக்' என்று கேட்கும். ஈர விறகு 'பொத்'தென்று கேட்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளும்.

தீ மூட்ட ஒட்டுப்பால், பழைய சைக்கிள் டியூப், பிளாஸ்டிக் பை போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சீக்கிரம் பற்றும் என்பது சரி. அந்தக் கறுப்புப் புகை முதலில் உங்கள் மூக்கிலும் பிறகு குழாயிலும் போய்ச் சேருகிறது. உடைத்துப் போட்ட பழைய பலகையும் வேண்டாம்; கறையானுக்கு மருந்தேற்றிய மரமாக இருந்தால் அதன் புகையும் சாம்பலும் விஷம்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை புத்தகப் பை இல்லாமல் வந்தாள். பை அடுப்படியில் மாட்டியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சமையலுக்காக வழக்கத்துக்கு மேல் விறகை அடுக்கி எரித்திருக்கிறார்கள். குழாய்க்குள் இருந்த கரி பற்றிக்கொண்டது. குழாய் சிவந்து, பக்கத்தில் இருந்த பலகை எரிந்துவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் லயத்து வீடுகளுக்கு ஒரே கூரை என்பதை மறக்கக்கூடாது. ஒரு வீட்டு அடுப்படி எரிந்தால் வரிசையில் இருக்கும் அத்தனை குடும்பமும் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டியதுதான்.

இனி, சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். முதல் நாள் இரவே அடுப்பை அணைத்துவிட்டு, மறுநாள் விடிந்தபின் வேலையைத் தொடங்குங்கள். சாம்பலுக்குள் கங்கு வெகுநேரம் உயிரோடிருக்கும். ஆகவே சாம்பலைக் கிளறிப் பார்த்து, தகர வாளியில் அள்ளிய பிறகே குழாயைத் தொட வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, கண்ணுக்கு ஏதேனும் ஒரு கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் ஆகியவை அவசியம். 2020-ல் கொரோனா வந்தபோது வாங்கிய கவசம் அலமாரியில் மீதமிருந்தால் இதற்கு உதவும். அடுப்புவாயை ஈரச் சாக்கால் மூடி, தரையில் பழைய பேப்பர் விரித்துவிடுங்கள்.

குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் ஒரு வாரம் துடைக்க வேண்டிவரும்! ஈர்க்குமாற்றின் ஈர்க்குகளைக் கட்டையாக வெட்டி, மூங்கில் கழியின் நுனியில் நாலாபக்கமும் விரியும்படி கம்பியால் இறுக்கிக் கட்டினால் நல்ல தேய்ப்பான் கிடைத்துவிடும். முழங்கைபோல் வளைந்த பாகத்தில்தான் கரி மிகுதியாகத் தங்கும். அங்கே பொறுமையாகத் தேய்க்க வேண்டும். செங்கல் புகைக்கூண்டாக இருந்தால் கீழிருந்தே நீளக் கழியால் தேய்த்து, டார்ச் அடித்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேரான கூண்டானால் கண்ணாடியில் வானம் தெரிய வேண்டும்.

தேய்ப்பதற்கு முன் கரியின் தடிப்பை ஓர் ஆணியால் கீறிப் பார்ப்பது நல்லது. 3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தீக்குச்சித் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவு, இருந்தால் சுத்தம் செய்யும் நாள் வந்துவிட்டதென்று பொருள். பொடியாக உதிர்ந்தால் கவலையில்லை. செதில் செதிலாக வந்தால் கொஞ்சம் பலமாகத் தேய்க்க வேண்டும். தார் பூசியதுபோல் கறுத்து மினுமினுத்தால் எந்தத் தேய்ப்பானுக்கும் அது மசியாது. அந்தத் துண்டை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். நெருப்பு வைத்து எரித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கரியில் ஈரம் சேர்ந்தால் தகரத்தை அரிக்கும். ஆகவே கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் அதுவும் மாற்ற வேண்டியதே.

திருப்பி மாட்டும்போது பலர் மழைத்தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொண்டு குழப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் பகுதியில் மேல் துண்டின் முனை கீழ்த் துண்டுக்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் தார் வடிந்தாலும் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழும். மூட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று திருகாணி போடுங்கள். குழாயிலிருந்து 18 அங்குலத்துக்குள் பலகை, துணிக்கொடி, கருவாட்டுக் கூடை எதுவும் இருக்கக்கூடாது.

கூரைமேல் ஏறாதீர்கள். பழைய லயங்களின் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு காலுக்குத் தாங்காது. உடைந்தால் அதன் தூசும் நுரையீரலுக்குக் கேடு. மேல் மூடியைப் பார்க்க வேண்டுமானால் ஏணியும் அனுபவமும் உள்ளவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "தம்பி கை சின்னது, உள்ளே விட்டு வழித்துவிடுவான்" என்று பிள்ளைகளை இந்த வேலைக்கு இழுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏழைச் சிறுவர்களைப் புகைக்கூண்டுக்குள் ஏற்றிச் சுத்தம் செய்ய வைத்தார்கள். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு வகைப் புற்றுநோய் வருவதற்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதினார். ஆயினும் 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு சிறுவன் கூண்டில் சிக்கி இறந்த பிறகுதான் அந்தக் கொடுமையை ஒழிக்கும் சட்டம் உறுதியாக வந்தது. நடுவில் 100 ஆண்டுகள்! கரி தோலிலும் மூச்சிலும் சேரும் பொருள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியே துவையுங்கள்.

அடைபட்ட குழாயின் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. புகை வெளியேறாத அடுப்படியில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு தங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சமைக்கும்போது தலைவலி, கிறக்கம், குமட்டல் வந்து, வாசலுக்குப் போனதும் தெளிந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் அனல் காட்டுகிறோமென்று கதவைச் சாத்திக் கங்குச் சட்டியை அறைக்குள் வைப்பதும் இதே ஆபத்துத்தான்.

தப்பித்தவறிக் குழாய் பற்றிக்கொண்டால் ரயில் வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்கும். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பி, அடுத்த வீட்டாருக்கும் குரல் கொடுத்து, 999-ஐ அழையுங்கள். அடுப்பண்டை போக முடிந்தால் மட்டும் மணலோ சாம்பலோ கொட்டி, காற்று போகும் வாயை அடைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

வழித்தெடுத்த கரியைப் பல் துலக்க எடுத்து வைக்கும் பாட்டிமார் இருந்தால் தடுத்துவிடுங்கள்; அடுப்புக் கரித்துண்டு வேறு, இந்தப் புகைக்கரி வேறு. இதைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். நல்ல விறகின் சாம்பல் மட்டும் கீரைப் பாத்திக்கு உதவும். கங்கில்லாமல் ஆறிய பிறகு, ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் தூவி, தண்ணீர் தெளித்துவிடுங்கள்.