லீக் சுற்றில் முதலிடம், ஆனாலும் வெளியேற்றம்: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தின் விசித்திர விதி

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தில் ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறுகிறது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்த ஓர் அணி, அதைத் தொடர்ந்து நடைபெறும் குறுகிய நாக் அவுட் தொடரில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்கிறது. அத்தோல்வி சில அணிகளுக்கு ஒரு கோப்பையின் இழப்பு மட்டுமே. வேறு சில அணிகளுக்கோ அந்த ஆண்டே அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாடு ஏன் ஏற்படுகிறது?

முதலில் ஒரு சொல் விளக்கம். 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லைக் கண்டதும் 'மாநாடு' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். இங்கு அது பொருந்தாது. ஒன்றோடொன்று முறையாக மோதுவதற்காகப் பல்கலைக்கழகங்கள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்பே கான்ஃபரன்ஸ். நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெறும் மண்டலப் போட்டிகளுடன் இதை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் இப்போதெல்லாம் கான்ஃபரன்ஸுக்கும் புவியியலுக்கும் தொடர்பு குறைவு. பசிபிக் கரையோரம் உள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024ஆம் ஆண்டு முதல் 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்ஃபரன்ஸில் (ஏசிசி) விளையாடி வருகிறது.

ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கும் பருவம் அக்டோபர் இறுதியில் லீக் ஆட்டங்களை நிறைவு செய்கிறது. பெரும்பாலான கான்ஃபரன்ஸ்கள், பட்டியலில் முன்னிலை பெற்ற அணிகளை மட்டும் அழைத்து நாக் அவுட் தொடர் நடத்துகின்றன. அதில் வெல்லும் அணிக்கு, என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் 64 அணிகள் கொண்ட தேசியத் தொடரில் நேரடியாக இடம் கிடைக்கும்.

இரண்டு வாசல்கள்

அந்த 64 இடங்களில் ஏறத்தாழ பாதி, கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கானவை. எஞ்சிய இடங்களுக்கான அணிகளைத் தெரிவுக் குழு தேர்ந்தெடுக்கிறது. சிக்கல் தொடங்குவது இங்குதான். தெரிவுக் குழு நீண்ட காலமாகப் பயன்படுத்தி வந்த அளவுகோல்களுள் முக்கியமானது ஆர்பிஐ என்ற தரக் குறியீடு. அதன் அடிப்படைக் கணக்கில் ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு மதிப்பே உண்டு. அந்த அணியை எதிர்கொண்ட அணிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதியும், அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு மீதிக் கால் பங்கும் வழங்கப்படுகின்றன.

அதாவது, எத்தனை ஆட்டங்களில் வென்றோம் என்பதைவிட யாருடன் மோதினோம் என்பதே அதிகம் கணக்கில் கொள்ளப்படுகிறது. வலுவான கான்ஃபரன்ஸில் ஐந்தாம் இடம் பெற்ற அணிக்கு இக்கணக்கு கைகொடுக்கும். சிறிய கான்ஃபரன்ஸில் தோல்வியே காணாமல் முதலிடம் பெற்ற அணியையோ, அதன் எதிரணிகளின் பலவீனமே கீழே இழுத்துவிடும். அந்த அணிக்கு இரண்டாவது வாசல் பெரும்பாலும் திறப்பதில்லை. நாக் அவுட் தொடரை வென்றே தீர வேண்டும்.

பெரிய கான்ஃபரன்ஸ்களின் நிலை வேறு. ஏசிசி தொடரை வடக்கு கரோலினா பல்கலைக்கழகம் 22 முறை வென்றுள்ளது. 1989 முதல் 2003 வரை தொடர்ச்சியாக 15 ஆண்டுகள் கோப்பை வேறு எவரிடமும் செல்லவில்லை. மியா ஹாம் முதல் இங்கிலாந்தின் அலெசியா ருஸ்ஸோ வரை பலர் விளையாடிய அணி அது. பின்னர் ஆதிக்கம் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2020 முதல் 2024 வரை ஐந்து ஆண்டுகளும் ஏசிசி கோப்பை அதற்கே.

ஆனால் 2024 டிசம்பரில் தேசியத் தொடரின் இறுதி ஆட்டத்தில் மோதியவை வடக்கு கரோலினாவும் வேக் ஃபாரஸ்டும். இரண்டுமே ஏசிசி அணிகள். இரண்டுமே அந்த ஆண்டு ஏசிசி கோப்பையை வெல்லாதவை. வடக்கு கரோலினா 1-0 என்ற கணக்கில் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. 2012இலும் இவ்வாறே நிகழ்ந்தது: ஏசிசி கோப்பை வர்ஜீனியாவுக்கு, தேசியப் பட்டம் வடக்கு கரோலினாவுக்கு. நவம்பர் தொடக்கத்தில் தோற்ற ஓர் அணி டிசம்பரில் நாட்டின் சாம்பியன் ஆவதற்கு இம்முறை இடமளிக்கிறது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை என்பதே விமர்சனத்துக்குரியது.

தொடரே வேண்டாம் என்றவர்கள்

நாக் அவுட் தொடர் கட்டாயமில்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி லீக், 2023 வரை இத்தகைய தொடரை நடத்தாமலே இருந்தது. எல்லா அணிகளும் எல்லா அணிகளுடனும் மோதிய பின் முதலிடம் பெற்ற அணியே தேசியத் தொடருக்குச் சென்றது. 2023இல் ஐவி லீக்கும் நான்கு அணிகள் கொண்ட தொடருக்கு மாறியது. மாற்றத்துக்கு ஆதரவான வாதமும் வலுவற்றதல்ல. லீக் பட்டியலில் நான்காம் இடத்துக்குப் போராடும் அணிக்கும் இறுதி வாரம் வரை ஒரு நோக்கம் இருக்கிறது. தொலைக்காட்சிக்கும் ஓர் இறுதி ஆட்டம் கிடைக்கிறது.

ஆட்ட விதியிலும் ஒரு நுட்பம் உண்டு. 2022ஆம் ஆண்டு விதி மாற்றத்துக்குப் பின் லீக் ஆட்டங்கள் 90 நிமிடங்களில் சமநிலையானால் அப்படியே முடிந்துவிடும். நாக் அவுட் ஆட்டங்களிலோ தலா 10 நிமிடங்கள் கொண்ட இரண்டு கூடுதல் பகுதிகள், அதன்பின் பெனால்டி ஷூட் அவுட். முதல் கோல் விழுந்ததும் கூடுதல் நேரம் முடிந்துவிடும் பழைய முறை இப்போது இல்லை. பெரும்பாலும் வியாழன் அரையிறுதி, ஞாயிறு இறுதி என்ற இடைவெளியே கிடைப்பதால், தாராளமான மாற்று வீராங்கனை விதி இருந்தும் கால்கள் களைத்துப் போகின்றன.

பெனால்டியில் முடிவு செய்யப்படும் ஆட்டம் அதிகாரபூர்வக் குறிப்பேட்டில் வெற்றியாகவோ தோல்வியாகவோ பதிவாவதில்லை. சமநிலை என்றே எழுதப்படுகிறது. எனவே சிறிய கான்ஃபரன்ஸின் முதலிட அணி இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் வீழ்ந்தால், கணக்கின்படி அது தோற்கவே இல்லை. இருப்பினும் தேசியத் தொடருக்கான நேரடி இடம் எதிரணிக்கே செல்கிறது. கல்லூரி வீராங்கனைகளுக்குப் பொதுவாக நான்கு பருவங்களே அனுமதி என்பதால், இறுதியாண்டு மாணவிகள் பலருக்கு அந்த 'சமநிலை'யே கல்லூரிச் சீருடையில் கடைசி ஆட்டமாகிவிடுகிறது.